பெயர் ஒன்று, ஊர் இரண்டு

எங்கள் அம்மாயி தெல்தெனிய என்று கதையை ஆரம்பித்தால், "எது, பழசா புதுசா?" என்று முதலில் கேட்கவேண்டும். 1985இல் திறக்கப்பட்ட விக்டோரியா அணைக்காகப் பழைய நகரம் தண்ணீருக்குள் போனது. மேட்டில் எழும்பிய புது நகரத்துக்கும் அதே பெயர். திகனயில் இருக்கிற எங்களுக்கு இது பழக்கம்.

அதே குழப்பம் வேலையிலும் வந்தது. நான் செஃப் என்ற சேமிப்பு மென்பொருளோடு வேலை செய்கிறேன். பல சேர்வர்களின் டிஸ்க்குகளை ஒரே பெரிய சேமிப்பாக்கித் தருவது அது. அந்தக் கூட்டத்துக்குக் கிளஸ்டர் என்று பெயர். நாமாக வேறு பெயர் வைக்காவிட்டால் ஒவ்வொரு கிளஸ்டரும் ‘செஃப்’தான். எங்களிடம் இரண்டு இருந்தன. ஒன்று சோதனைக்கு, மற்றதில் வாடிக்கையாளர்களின் டேட்டா. இரண்டும் ‘செஃப்’. உள்ளே இருக்கும் பூல்களின் பெயர்களும் ஒன்றே.

ஒரு ராத்திரி, வீட்டிலிருந்தபடி, சோதனைக் கிளஸ்டரில் ஒரு பூலை அழிக்கப் போனேன். பூலின் பெயரை இரண்டு தடவை எழுதி, ‘உண்மையாவே, உண்மையாவேதான் சொல்றேன்’ என்ற மாதிரி ஒரு நீளமான சொல்லையும் சேர்த்தால்தான் செஃப் அழிக்கும். எல்லாம் எழுதினேன். முடியாது என்றது. அழிக்கும் அனுமதியை நானே திறந்து வைத்திருந்தேனே! சரி, திரும்பத் திறப்போம் என்று கை போனது. என்னமோ தோன்றி, கிளஸ்டரின் நிலவரத்தைக் கேட்டுப் பார்த்தேன். மேலே வந்த அடையாள எண் வேறு. கை சில்லிட்டுப் போச்சு. நான் இருந்தது வாடிக்கையாளர்களின் கிளஸ்டரில். அந்த அனுமதி இயல்பாகவே பூட்டியிருக்கும் என்பதால் தப்பினேன்.

மறுநாள் வேலையில் மூத்த அண்ணனிடம் கேட்டேன். "சோதனைக் கிளஸ்டருக்கு ‘திகன’ன்னு பேர் வச்சிருவோமாண்ணே?"

"வேணாம் தம்பி. அது பழைய காலத்து வேலை."

முன்பு அப்படி வைக்கலாம். ஆனால் கோப்பு, சாவி, கோப்புறை எல்லாவற்றின் பெயரும் அதோடு மாறும். ‘செஃப்’ என்ற பெயரையே எதிர்பார்க்கும் கருவிகள் தடுமாறும். அதனால் அந்த வழக்கத்தையே கைவிட்டார்கள். 2020இல் ஒக்டோபஸ் பதிப்போடு வந்த நிறுவல் கருவி, கோப்புறைகளுக்கு அடையாள எண்ணையே பெயராக வைக்கிறது. கிளஸ்டரின் உண்மையான அடையாளம் 36 எழுத்து நீளமுள்ள அந்த எண்தான். பெயர் என்பது, எந்த அமைப்புக் கோப்பைத் திறப்பது என்று நம்முடைய கணினிக்குச் சொல்வது மட்டும்.

அதனால் கிளஸ்டர்களைத் தொடவில்லை. என் கணினியில் மட்டும் இரண்டு அமைப்புக் கோப்புகள் வைத்தேன். சோதனைக்கு ‘திகன’, மற்றதற்கு ‘நிஜம்’. ‘செஃப்’ என்ற கோப்பை எடுத்துவிட்டேன். இப்போது பெயர் சொல்லாமல் கட்டளை கொடுத்தால் அது எங்கேயும் போகாது.

அம்மாயி செய்வதும் இதுதானே. தெல்தெனிய தன்னைப் பழசு என்று சொல்லிக்கொள்ளவில்லை. அங்கே வாழ்ந்து வந்தவர், தனக்குக் குழம்பாமலிருக்க, தானே ஒரு சொல் சேர்த்துக்கொண்டார்.

இப்போதெல்லாம் எதையும் அழிக்குமுன் அடையாள எண்ணின் முதல் நாலு எழுத்தை வாய்விட்டு வாசிக்கிறேன்.

"ராவுல என்னடா மந்திரம் சொல்ற?" என்கிறார் அம்மாயி.