மெலிந்த ராஜராஜன்

டிவித் திரையின் வலது ஓரத்தில் நூலளவுக்கு ஒரு வெள்ளைக் கட்டை. அதுதான் மேல் ஷட்ஜம். இடது ஓரத்திலும் அதேபோல ஒரு நூல். அது கீழ் ஷட்ஜம். நடுவில் மற்ற வெள்ளைக் கட்டைகளெல்லாம் மைசூர்பாகு வில்லைகள் மாதிரி தடித்துக் கிடந்தன.

“எப்பவும் இப்படித்தான் இருக்கும் தாத்தா” என்றாள் வீட்டுக்காரரின் மகள். ஆறாம் வகுப்பு.

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரில் வெயில் காலத்தைக் கழிக்கப் போன இடத்தில் எனக்கு இது வேண்டாத வேலை. ஆனால் கோணலாகத் தொங்கும் நாள்காட்டியை யார் வீட்டில் கண்டாலும் நிமிர்த்தி வைக்கிற ஜாதி நான். திரையில் ஓடியது அவள் சித்தி எங்கிருந்தோ கொண்டுவந்து கொடுத்த பழைய சி.டி. கீபோர்டு கற்றுக்கொடுக்கும். ஒரு சுரத்தை ஒலித்துவிட்டு, எந்தக் கட்டை என்று கேட்கும்; சரியான கட்டையை மவுஸால் தொட்டால் மணி அடிக்கும், தப்பானால் தவளை கத்தும். கணினி, அண்ணன் பன்னிரண்டாவது படிக்கும்போது பள்ளியில் கொடுத்த அரசு லேப்டாப். அதன் திரை போய் இரண்டு வருஷம் ஆகிறது. கூடத்து டிவியில் ஒயரைச் செருகிக் காலம் ஓடுகிறது.

கட்டைகள் தடித்ததன் காரணம் எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அந்தக் கர்வத்தில்தான் மாட்டிக்கொண்டேன். சி.டி.யில் இருந்த நிரல் 640க்கு 480 புள்ளி என்ற அளவுக்கு வரையப்பட்டது. 1987இல் ஐ.பி.எம். கொண்டுவந்த வி.ஜி.ஏ. அளவு அது. நாலு பங்கு அகலம், மூன்று பங்கு உயரம். அந்த நாலுக்கு மூன்று ஐ.பி.எம். கண்டுபிடித்ததல்ல, அதற்கு முன்னிருந்த டிவியிலிருந்து வந்தது. டிவி அதைச் சினிமாவிலிருந்து எடுத்தது. சினிமாவுக்கு அது 1890களில் எடிசனின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த டிக்சன் என்பவர் ஃபிலிம் சுருளில் ஒரு படத்துக்கு நாலு துளை என்று வைத்ததால் வந்தது. அவர் அன்றைக்கு ஐந்து துளை வைத்திருந்தால் ஜவ்வாது மலையில் இன்றைக்கு ஷட்ஜத்தின் இடுப்பளவே வேறாக இருந்திருக்கும். இப்போதைய டிவியோ பதினாறுக்கு ஒன்பது. நாலுக்கு மூன்றை அதில் இழுத்துப் போர்த்தினால் எல்லாம் பெருக்கத்தானே செய்யும்?

பரணில், 2006 தேர்தலுக்குப் பிறகு கொடுத்த இலவச கலர் டிவி துணி போர்த்திக் கிடந்தது. அதன் திரை சரியாக நாலுக்கு மூன்று. ஆனால் இந்த ஒயரைச் செருக அதில் துளை இல்லை.

பெருத்தது சரி, ஓரம் எங்கே போயிற்று? அதை டிவி விழுங்கிவிட்டது. கண்ணாடிக் குழாய் டிவிகளின் காலத்தில் படத்தின் விளிம்பு ஒழுங்காக நிற்காது, ஆடும், வளையும். அதனால் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி, ஓரத்தைச் சட்டத்துக்குப் பின்னால் ஒளித்துவிடுவார்கள். குழாய் போய்விட்டது, தட்டை டிவி வந்துவிட்டது, ஒளிக்க எதுவும் இல்லை. பழக்கம் மட்டும் போகவில்லை. சைக்கிளை விட்டுவிட்டு மோட்டார் சைக்கிள் வாங்கியவர் கால்சட்டைக்கு இன்னும் கிளிப் மாட்டிக்கொண்டு திரிவது போல.

இப்படி அகலம் மாறிப்போன ஆளை நான் இதற்கு முன்பும் ஒருமுறை பார்த்திருக்கிறேன். சிவாஜி கணேசன்.

1973இல் ‘ராஜராஜ சோழன்’ வந்தது. தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம். ஏ.பி. நாகராஜன் இயக்கம், குன்னக்குடி வைத்தியநாதன் இசை. எங்கள் ஊர் டென்ட் கொட்டகைக்கு அது வந்து சேர ரொம்ப நாள் ஆனது. அதற்குள் படத்தைவிட ‘ஸ்கோப்’ பிரபலமாகிவிட்டது. திரை போதாது என்று இரண்டு பக்கமும் வெள்ளைத் துணி வைத்துத் தைத்தார்கள். தைத்த தையல்காரர் என் சித்தப்பாவுக்குச் சிநேகிதர் என்பதால் எங்களுக்குத் தரை டிக்கெட்டிலேயே ஒரு தனி மரியாதை. மணலைக் குவித்து உட்கார்ந்துகொண்டோம்.

படம் ஓடத் தொடங்கியது. சிவாஜி வந்தார். தோளும் இடுப்பும் ஒரே அளவு. கிரீடம் கூம்பு மாதிரி மேலே போயிற்று. குதிரைகள் கழுதைக்கும் ஒட்டகத்துக்கும் பிறந்தவை போல இருந்தன. தஞ்சைக் கோயில் விமானம் பனைமரமாகி நின்றது. எல்லாம் நடுத்துணியிலேயே நடந்தது. தையல்காரர் ஒட்டுப்போட்ட இரண்டு பக்கமும் வெறுமையாகக் கிடந்தன. யாராவது கத்தினார்களா? ஒருவரும் இல்லை. ஏனென்றால் அங்கே சினிமாஸ்கோப்பை அதற்கு முன் பார்த்தவர் யாரும் கிடையாது. இதுதான் சினிமாஸ்கோப் போலிருக்கிறது என்று அத்தனை பேரும் பயபக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தோம். சித்தப்பா என் காதில், “எவ்வளவு உயரம் பார்த்தியா, ராஜான்னா இப்படித்தான் இருப்பாரு” என்றார்.

ஒரு மணி நேரம் கழித்துத்தான் சங்கதி வெளியே வந்தது. ஃபிலிமில் அகலத்தைப் பாதியாக நசுக்கி வைத்திருப்பார்கள். புரொஜெக்டரின் முன்னால் இன்னொரு லென்ஸ் மாட்டினால் அது விரிந்து சரியாகும். படப்பெட்டி வந்துவிட்டது, லென்ஸ் அடுத்த பஸ்ஸில் வந்துகொண்டிருந்தது. இடைவேளைக்கு மாட்டினார்கள். முறுக்கு தின்றுவிட்டு வந்து உட்கார்ந்தால் ராஜராஜன் திரை முழுக்கத் திமிறிக்கொண்டு நிற்கிறார். எனக்குப் பக்கத்திலிருந்த கிழவி சொன்னாள்: “சாப்பிட்டுட்டு வந்துட்டாரு.”

அந்த முதல் ஒரு மணி நேரத்தில் ஒன்றே ஒன்று மட்டும் மெலியவில்லை. பாட்டு. ஃபிலிமின் ஓரத்தில் தனிக் கோடாக ஓடுகிற ஒலிக்கு அந்த லென்ஸோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டவர்களுக்கு அன்று முழுப் படம் கிடைத்தது. அப்போது இது எனக்குத் தோன்றவில்லை. ஐம்பது வருஷம் கழித்து ஒரு ஷட்ஜத்தை இழுத்து வெளியே போடப் பார்த்துக்கொண்டிருந்தபோது தோன்றியது.

நசுக்கி விரிக்கும் அந்த லென்ஸை 1920களில் உண்டாக்கியவர் ஆன்றி கிரெத்தியன் என்ற பிரெஞ்சுக்காரர். ஹாலிவுட் அதை வாங்கி 1953இல் ‘தி ரோப்’ எடுத்தது. அவர் சினிமாக்காரர் அல்ல, வானியல்காரர். ரிட்சி என்பவரோடு சேர்ந்து அவர் வகுத்த தொலைநோக்கி அமைப்பில்தான் ஹபிள் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது. இதைப் படித்த அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை யாரிடமும் பகிர முடியவில்லை. சிவாஜியை மெலிய வைத்தவர் ஒரு நட்சத்திரம் பார்க்கிறவர்! இங்கே, இதே ஜவ்வாது மலையில் காவலூரில் நட்சத்திரம் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு மீட்டர் தொலைநோக்கி 1972இல் வந்தது. வானியலாளர் வைணு பாப்பு பெயரிலுள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986இல்.

அந்த ஒரு மீட்டர் தொலைநோக்கியைப் பற்றி எனக்குப் பிடித்த சமாசாரம் ஒன்று உண்டு. 1977 மார்ச் 10ஆம் தேதி யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்துக்கொண்டு போக வேண்டும். கோள் வந்து மறைப்பதற்கு முன்னாலேயே விண்மீன் சில விநாடிகள் மங்கி மீண்டது. அதைக் காவலூரில் பதிவு செய்தார்கள். வேறு இடங்களில் பார்த்தவர்களுக்கும் அப்படியே. கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பது அப்படித்தான் தெரியவந்தது. வளையத்தை அன்று யாரும் கண்ணால் பார்க்கவில்லை. ஓரத்தில் என்னமோ குறுக்கே போகிறது என்று மட்டும் தெரிந்தது.

நிற்க. டிவிக்கு வருகிறேன். ரிமோட்டில் படத்தின் அளவுக்குப் போய் நாலுக்கு மூன்று என்று வைத்தால் கட்டைகள் மெலிந்தன, ஓரம் காணவில்லை. ஓரத்தை விழுங்காதே என்பதற்கு இன்னொரு ஏற்பாடு இருக்கிறது. ‘ஜஸ்ட் ஸ்கேன்’, ‘ஸ்கிரீன் ஃபிட்’ என்று கம்பெனிக்கு ஒரு பெயர். அதை வைத்தால் ஓரம் வந்தது, கட்டைகள் பழையபடி பெருத்தன. ஒன்றை வைத்தால் மற்றது போகும். நடுவே மின்சாரம் வேறு இரண்டு முறை போயிற்று. இரண்டாவது நாள்தான் புத்தி வந்தது: அளவை மாற்றும் வேலையை டிவியிடம் விடவே கூடாது. லேப்டாப்பின் கிராஃபிக்ஸ் அமைப்பில் போய், விகிதம் மாறாமல் பெரிதாக்கு என்று சொல்லிவிட்டேன். அதுவே இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வைத்து அகலப் படமாக அனுப்பும். டிவி விழுங்காமல் காட்டினால் போதும். பதினைந்து வெள்ளைக் கட்டைகளும் ஒல்லியாக, முழுசாக, வரிசையில் நின்றன.

“ரெண்டு பக்கமும் வீணாப் போவுதே சார்” என்றார் வீட்டுக்காரர். சாமை உப்புமாத் தட்டை என் பக்கம் தள்ளினாலும் அவர் கண் கறுப்புப் பட்டையிலேயே இருந்தது. தையல்காரர் ஞாபகம் வந்தது.

மகளை உட்கார வைத்தேன். உச்சத்தில் ஒரு சுரம் ஒலித்தது. அவள் திரையைப் பார்க்கவே இல்லை; மவுஸை வலது பக்கம் ஒரே தள்ளாகத் தள்ளிச் சொடுக்கினாள். மணி அடித்தது.

“இதுக்கு முன்னாடி இந்தக் கட்டை தெரியாதே, என்ன பண்ணுவே?”

“இதேதான் தாத்தா. ரொம்ப மேல கேட்டா அந்த ஓரம், ரொம்பக் கீழ கேட்டா இந்த ஓரம். அம்பு உள்ள போய் மறைஞ்சுரும். ஆனா மணி அடிக்கும்.”

டிவி விழுங்கியது படத்தை மட்டும்தான். அம்புக்குறி போகிற இடத்தை அல்ல. இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை.

மறுநாள் காலை கூடத்தில் தவளையும் மணியும் மாறிமாறிக் கேட்டன. எட்டிப் பார்த்தேன். கறுப்புப் பட்டைகளைக் காணோம். ரிமோட் வீட்டுக்காரரின் சட்டைப் பையில் இருந்தது. மைசூர்பாகு வில்லைகள் திரும்ப வந்திருந்தன. ஓரங்களில் பழைய நூல். அம்புக்குறி வலது பக்கமாகப் போய்ச் சட்டத்துக்குள் மறைந்தது. மணி அடித்தது. நான் கொல்லைப் பக்கம் போய்ப் பல் துலக்க ஆரம்பித்தேன்.