தரைக்கு அடியில் ஒரு தரை

எல்லோரும் சுற்றுலா போன கதை எழுதுறீங்க. நான் எங்கேயும் போகவில்லை. கோடை விடுமுறை முழுக்க ராமநாதபுரத்தில் அப்பா வேலை பார்த்த இடத்தில்தான் இருந்தேன். அதையே எழுதுகிறேன்.

எங்க அப்பா வள்ளம் கட்டுகிற ஆசாரி. ஃபைபர் படகு வந்த பிறகு அந்த வேலை குறைந்து போச்சு. இப்போது ஷட்டில் விளையாடும் கூடங்களுக்கு மரத்தரை போடப் போகிறார். வள்ளத்துப் பலகை தண்ணீர் குடித்து உப்பினால் நல்லது, இடுக்கு தானாக அடைத்துக்கொள்ளும். அந்தப் பழக்கத்தில், முதன்முதலில் போட்ட தரையைச் சுவரோடு சுவராக இறுக்கி அடித்துவிட்டார். ஐப்பசி மழையில் பலகை உப்பி, நகர இடமில்லாமல், நடுவில் ஒட்டகம் மாதிரி முதுகைத் தூக்கிக்கொண்டது. பாதிக் கூலி இன்னும் வரவில்லை.

இது இரண்டாவது தரை. காங்கிரீட் போட்டு இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஏறக்குறைய ஒரு மாதம் காய வேண்டுமாம். அப்பா ஒன்றரை அடிச் சதுரத்துக்கு பாலித்தீன் தாளை வெட்டி, நாலு பக்கமும் டேப் ஒட்டிவிட்டு, "காலையில பார்ப்போம்" என்றார். குறைந்தது 16 மணி நேரம் அப்படியே இருக்க வேண்டும்.

மறுநாள் நான்தான் முதலில் உள்ளே போனேன். தாளுக்கு அடியில் முத்து முத்தாகத் தண்ணீர். எனக்கு அழுகையே வந்துவிட்டது. வேலை தள்ளிப்போனால் கூலி தள்ளிப்போகும். குறுவட்டப் போட்டிக்கு வாலிபால் ஷூ வாங்கித் தருவதாக அப்பா சொல்லியிருந்தார். யாரும் இல்லை. தாளைப் பிரித்து, துப்பட்டாவால் துடைத்து, திரும்ப ஒட்டிவிட்டேன்.

அப்பா வந்து தாளை எடுத்தார். தண்ணீர் இல்லை. ஆனால் அந்த இடம் மட்டும் கறுத்துப்போய்க் கிடந்தது. அதை நான் யோசிக்கவே இல்லை. என் துப்பட்டாவைப் பார்த்தார். "தண்ணியத் துடைச்சா தரை காஞ்சிருமா ஆத்தா?" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

கூடத்துக்காரர் ஃபேன் போட்டுக் காயவைத்து ஆரம்பிக்கச் சொன்னார். அப்பா மாட்டேன் என்றுவிட்டார். மூன்று வாரம் வேலையும் இல்லை, கூலியும் இல்லை. அம்மா கருவாடு விற்ற காசில்தான் வீடு ஓடியது. வாரத்துக்கு ஒருதடவை தாள் ஒட்டினோம். கடைசித் தடவை கறுப்பும் இல்லை, தண்ணீரும் இல்லை.

அப்புறம் வேலை மளமளவென்று நடந்தது. தடித்த பாலித்தீன் விரிப்பு, அதன்மேல் ரப்பர் பேடு வைத்த ரீப்பர் கட்டை, அதன்மேல் இரண்டு அடுக்கு பிளைவுட். ஓர் அடுக்கு நீளவாட்டில் என்றால் அடுத்தது குறுக்குவாட்டில், ஒட்டு மேல் ஒட்டு வரக்கூடாது. அதற்கும் மேலேதான் பளபளப்புப் பலகை. அதுவும் வந்த அன்றைக்கே அடிக்கவில்லை. அந்தக் கூடத்துக் காற்றுக்குப் பழகட்டும் என்று அடுக்கிப் போட்டிருந்தோம். சுவரைச் சுற்றி இரண்டு அங்குலம் இடைவெளி விட்டார் அப்பா. நானே ஸ்கேல் வைத்து அளந்தேன்.

நம்ம பி.டி. சார் ஒரு விஷயம் சொன்னார். அமெரிக்காவில் பாஸ்டன் நகரக் கூடைப்பந்துத் தரையை 1946-இல், நல்ல நீளப் பலகை கிடைக்காமல், ஓக் மரத் துண்டுகளைச் சேர்த்தே போட்டார்களாம். அப்பாவிடம் சொன்னதும், "துண்டுதான் நல்லது, அதிகம் வளையாது" என்று ஒரே சந்தோஷம்.

வேலை முடிந்த அன்று செருப்பைக் கழற்றிவிட்டுக் குதித்தேன். நம்ம பள்ளிக்கூடச் சிமெண்டுத் தரையில் குதித்தால் முட்டி வரைக்கும் விண்ணென்று தெறிக்கும். கடற்கரை மணலில் வலிக்காது, ஆனால் எம்ப முடியாது. இந்தத் தரை கொஞ்சம் அமுங்கி என்னைத் தூக்கிவிட்டது!

ஷூ போட்டிக்கு அப்புறம்தான் வந்தது. வெறுங்காலோடு விளையாடி இரண்டாவது ஆட்டத்தில் தோற்றோம்.

இந்த ஐப்பசியில் நாலு நாள் விடாத மழை. ஐந்தாம் நாள் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு அந்தக் கூடத்துக்குப் போனார். சுவரோரம் உட்கார்ந்து பீடிங்கைக் கழற்றி இடைவெளியில் ஸ்கேலை விட்டார். இரண்டு அங்குலம் இருந்தது ஒன்றரைக்குப் பக்கத்தில் வந்திருந்தது. நடுவில் போய் நின்று பார்த்தேன். தூக்கவில்லை.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி