ஊராத்துறையின் இரண்டு கோட்டைகள்

யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தில் ஏறியதும் இரு பக்கமும் ஆழங்குறைந்த கடல், தடி நட்டுக் கட்டிய களங்கண்டி வலைகள். அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை, சரவணை, நாரந்தனை என்று தீவை நீளவாக்கில் கடந்து, ஊர்காவற்றுறையில் கடலைக் கண்டதும் பஸ் நின்றுவிடுகிறது. தீவு முழுவதையும் வேலணைத்தீவு என்று சொன்னால் ஊர்காவற்றுறையார் முகம் சுளிப்பார்கள். ஊர்காவற்றுறைத் தீவு என்றால் வேலணையார். ஒல்லாந்தர் இரு பகுதியாரையும் கேட்காமல் லைடன் என்று தங்கள் ஊர்ப் பெயரையே வைத்துவிட்டார்கள்.

கரையோரம் விசாரித்துக்கொண்டு உருண்டிக் கோட்டைக்கு நடந்தேன். வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவர் ஏற இறங்கப் பார்த்தார்.

“அங்கை ஆர் தம்பி போறது? பத்தை மூடிக் கிடக்கு. பாம்பும் கிடக்கும். பார்த்துப் போங்கோ.”

அவர் மிகைப்படுத்தவில்லை. போர்த்துக்கேயர் முருகைக்கல்லில் எழுப்பிய மதில்களை இப்போது மரவேர்கள்தான் இறுகப் பிடித்து நிறுத்தியிருக்கின்றன. இடிந்த பக்கமாக எட்டிப் பார்த்தால் நேரெதிரே தண்ணீருக்கு நடுவில் மற்றக் கோட்டை, சுண்ணாம்பு பூசிய முழு மதிலோடு. கரையில் ஒன்று, கடலில் ஒன்று. பாக்கு நீரிணையிலிருந்து யாழ்ப்பாணக் கடனீரேரிக்குள் நுழையும் வாய் இது. இரு பக்கமும் பீரங்கி வைத்தால் அனுமதியில்லாமல் ஒரு தோணிகூட உள்ளே போக முடியாது. வன்னியில் பிடித்த யானைகளை ஆனையிறவு வழியாக ஓட்டிவந்து இந்தியாவுக்குக் கப்பலேற்றியதும் இங்கேதான். போர்த்துக்கேயர் இதை யானைத்துறை என்றே எழுதிவைத்தார்கள்.

1619இல் யாழ்ப்பாண அரசை விழுங்கிய போர்த்துக்கேயரை 1658இல் ஒல்லாந்தர் துரத்தினார்கள். கடற்கோட்டையையும் முற்றுகையிட்டார்கள். அது பீரங்கிக்கு நின்றுபிடித்தது, தாகத்துக்கு நிற்கவில்லை. குடிநீர் தீர்ந்ததும் உள்ளே இருந்தவர்கள் சரணடைந்தார்கள். அதே ஆண்டு ஜூனில் யாழ்ப்பாணக் கோட்டையும் விழுந்தது. ஒல்லாந்தர் கடற்கோட்டையைப் புதுக்கி, இலங்கையைப் பன்றித் தொடையாகக் கற்பனை செய்து, அதன் குதி என்ற பொருளில் ஹம்மன்ஹீல் என்றார்கள். நம்மவர்களுக்கோ அது பூதத்தம்பி கோட்டை. அந்திராசி என்பவரின் சூழ்ச்சியால் துரோகப் பழி சுமந்து தலையிழந்த பூதத்தம்பி முதலியாரையும் அவர் மனைவி அழகவல்லியையும் கூத்துமேடைகள் இன்னும் மறக்கவில்லை. வரலாற்றாசிரியர்களுக்கு அந்தக் கதையில் ஆயிரம் சந்தேகம் இருக்கலாம். மேடையில் அழகவல்லி அழும்போது சந்தேகப்பட்டவரை நான் பார்த்ததில்லை.

பிறகு கடற்கோட்டை சிறைக்கூடமானது, 1971 கிளர்ச்சியில் பிடிபட்ட ஜே.வி.பி.யினரையும் இங்கே அடைத்தார்கள். இப்போது கடற்படை நடத்தும் விடுதி. காரைநகர்ப் பக்கமிருந்து படகில் போய்க் காசு கொடுத்துத் தங்கலாம்.

ஆனால் என்னை இந்த ஊருக்கு இழுத்தது கோட்டைகள் அல்ல, நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள ஒரு தமிழ்க் கல்வெட்டு. பொலன்னறுவையில் இருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு, 12ஆம் நூற்றாண்டில், ஊராத்துறைக்கு, அதாவது இந்த ஊர்காவற்றுறைக்கு, வரும் பரதேச வணிகருக்காகப் போட்ட சட்டம் அது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் கால்பங்கு அரசுக்கு, முக்கால்பங்கு உடையவனுக்கு. வாணிபச் சரக்குக் கப்பல் உடைந்தால் சரிபாதி. சிங்கள அரசன் தமிழில் கல்வெட்டுகிறான் என்றால், இந்தத் துறையில் யார் இறங்கினார்கள், எந்த மொழியில் விலை பேசினார்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. குதிரைக்குச் சலுகை கொடுத்ததும் கருணையால் அல்ல. படைக்குக் குதிரை வந்துகொண்டே இருக்க வேண்டும்.

அதே அரசன் இதே துறையில் படை திரட்டிக் கப்பல் கட்டுகிறான் என்று கேள்விப்பட்டுச் சோழப்படை கடல் கடந்து வந்து அழித்ததை, இரண்டாம் இராசாதிராசன் காலத்துத் திருவாலங்காட்டுக் கல்வெட்டு சொல்கிறது. ஊராத்துறை, மாதோட்டம், வலிகாமம் என்று பெயர்ப்பட்டியலோடு. வரும் வழியில் கடந்த அல்லைப்பிட்டியில் 1977இல் ஜான் கார்ஸ்வெல் தோண்டியெடுத்தவை சீனத்துச் சொங் வம்சக் காலப் பீங்கான் ஓடுகள். 2018இல் ஷாங்ஹாய் அருங்காட்சியகத்தாரும் வந்து தோண்டினார்கள். பறங்கியர் கல் வைப்பதற்கு ஐந்நூறு ஆண்டுக்கு முன்பே உலகம் வந்திறங்கிய ஊர் இது. கோட்டைகள் பிந்திய கதை.

இன்றைய துறைமுகத்தில் காரைநகருக்குப் போகும் பாதைப் படகில் மோட்டார்சைக்கிள்களும் பள்ளிப் பிள்ளைகளும் ஏறி நிற்கிறார்கள். கடைத்தெரு சிறியது. 1990க்குப் பிறகு இடம்பெயர்ந்து போனவர்களின் வீடுகள் பல கூரையில்லாமல் நிற்கின்றன.

வருமானம் தரும் கோட்டைக்கு வெள்ளையடித்தாயிற்று. கரைக்கோட்டைக்கும் யாராவது பத்தை வெட்டிவிடலாம்; வேரை மட்டும் அவசரப்பட்டுப் பிடுங்கக்கூடாது, மதிலும் சேர்ந்து வந்துவிடும். அத்துடன் நயினாதீவுக் கல்வெட்டின் வாசகத்தை ஒரு பலகையில் எழுதி இந்தத் துறைமுகத்தில் நட்டால் நல்லது. வெளிநாட்டிலிருந்து ஊர்ச்சங்கம் நடத்தும் தீவகத்தார் நினைத்தால் ஒரு மாதத்தில் முடியும் வேலை.