வீணைக்குக் குளிர் விடும்வரை

குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த போத்தல் வியர்ப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். குறிகட்டுவான் இறங்குதுறையில் ஒரு சோடாவை வாங்கிக் கையில் பிடித்தால், படகு வருவதற்குள் கை நனைந்துவிடும். அந்த நீர் போத்தலுக்குள்ளிருந்து கசிவதல்ல. வெளிக்காற்றில் உள்ள நீராவி குளிர்ந்த கண்ணாடியில் பட்டுத் துளியாகிறது. விஞ்ஞான பாடத்தில் 'ஒடுங்கல்' என்று படித்து, பரீட்சையில் எழுதி, மறந்துவிட்ட விடயம். அது ஒரு வீணையைப் பழுதாக்கக்கூடும் என்பதைக் கனடாவுக்குப் படிக்க வந்த பிறகே அறிந்தேன்.

ரொறன்ரோவில் நான் வாடகைக்கு இருக்கும் வீடு ஊர்காவற்றுறைக் குடும்பம் ஒன்றினுடையது. வீட்டு அன்ரி 1990இல் ஊரைவிட்டுக் கிளம்பியபோது அவருக்கு வயது 19. மருதனார்மடத்தில் இசை படித்த ஓர் ஆசிரியையிடம் ஆறு வருடம் வீணை பழகியிருந்தார். உயிரைக் காத்துக்கொண்டு ஓடுகிறவர்கள் வீணையையா தூக்கிக்கொண்டு போவார்கள்? அறை மூலையில் சேலையால் போர்த்தி வைத்துவிட்டு வந்தாராம். பல வருடம் கழித்துப் போய்ப் பார்த்தபோது வீணையும் இல்லை, அறைக்குக் கூரையும் இல்லை. அதே வருடம் வெறுங்கையோடு புத்தளத்துக்கு வந்து சேர்ந்த குடும்பம்தான் எங்களுடையதும். உம்மா விட்டுவிட்டு வந்த தையல் மெசினின் கதையைக் கேட்டு வளர்ந்தவள் நான். ஆகவே அன்ரியிடம் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.

2025 ஜனவரியில் அவருடைய மகன் தஞ்சாவூரிலிருந்து ஒரு வீணையை வரவழைத்தார். அது வந்த நாளில் வெளியே சைபருக்குக் கீழே 18 பாகை. பெட்டி இரவு முழுவதும் ஏதோ ஒரு கிடங்கில் கிடந்திருக்க வேண்டும். தொட்ட விரல் விறைத்தது. மகனுக்கோ உடனே திறந்து பார்க்க வேண்டும். உள்ளே உடைந்திருந்தால் குறித்த நாட்களுக்குள் முறையிட வேண்டுமே!

"தம்பி, தொடாதை. நாளைக்குத்தான்," என்றார் அன்ரி. பெட்டியின் நான்கு பக்கத்தையும் படம் எடுத்து வைக்கச் சொன்னார். பேத்தி சிணுங்கினாள். "முப்பத்தைஞ்சு வருசம் இருந்தனான், இன்னும் ஒரு நாள் இருக்கமாட்டனே?" என்று அவளை மடியில் இருத்திக்கொண்டார். தெரிந்த ஒருவரின் வயலின் இப்படியொரு பனிநாளில் அவசரப்பட்டுத் திறக்கப்பட்டு, மேற்பலகை வெடித்ததை அவர் கண்ணால் கண்டவர்.

அன்றிரவு பாடப் புத்தகத்தைத் தேடி எடுத்துக் கணக்குப் பார்த்தேன். அறை வெப்பநிலை 21 பாகை, ஈரப்பதன் 40 வீதம் என்றால், ஏறத்தாழ 7 பாகைக்குக் கீழே குளிர்ந்திருக்கும் எந்தப் பொருளிலும் நீர் படியும். பெட்டி மூடியிருந்தால் அறைக் காற்று வீணையைத் தொடாது. உள்ளே இருக்கும் காற்றும் மரமும் சேர்ந்தே மெதுவாகச் சூடேறும். திடீரென்று திறந்தால் இன்னொரு வில்லங்கமும் உண்டு: மேற்பரப்பு முதலில் சூடேற, உட்புறம் குளிராகவே இருக்கும், மரமும் அதன்மேல் பூசிய மெருகும் ஒரே அளவில் விரிவதில்லை. மெருகில் மயிரிழை போல வெடிப்பு விழுவது அப்படித்தான். வீணையில் மெழுகும் இருக்கிறது. பலாமரத்தில் கடைந்த தண்டியின் மேல், கரி கலந்த மெழுகில்தான் 24 பித்தளை மெட்டுகளும் நிற்கின்றன. குளிரில் மெழுகு இளக்கம் இழந்து நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும். அந்த நிலையில் ஒரு சின்னத் தட்டுப் போதும். பெட்டியின் மேல் "கவனம், உடையும்" என்று எழுதி அனுப்பியவர்கள், இதையும் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

சூடான காற்று வரும் துவாரத்துக்குத் தூரமாக, மண்டபத்தின் நடுவில் பெட்டியைக் கிடத்தினோம். ஒரு முழு நாள். மறுநாள் மாலை மூடியைச் சற்று நெகிழ்த்தி, ஒரு மணித்தியாலம் விட்டுத்தான் முழுதாகத் திறந்தார். குடம், தண்டி, யாளிமுகம் எல்லாம் சுகம். மேல்ஸ்தாயியில் இரண்டு மெட்டுகள் மட்டும் மெழுகை விட்டுக் கழன்றிருந்தன. வழியிலேயே தட்டுப்பட்டிருக்க வேண்டும். மகன் அதையும் படம் எடுத்துக்கொண்டார்.

ஈரத்துக்குப் பயந்த நாங்கள் பிறகு வறட்சிக்குப் பயப்பட வேண்டியிருந்தது. அந்தக் குளிரில் ஒரு கன மீற்றர் வெளிக்காற்றில் சுமார் ஒரு கிராம் நீர்தான் இருக்கும். அதை வீட்டுக்குள் 21 பாகைக்குச் சூடாக்கினால் ஈரப்பதன் 10 வீதத்துக்கும் கீழே போய்விடும். உதடு வெடிக்கிற காற்றில் தஞ்சாவூர்ப் பலாமரம் என்ன பாடுபடும்! ஈரப்பதமூட்டும் கருவி ஒன்று வாங்கி 45 வீதத்தில் வைத்தார். அதற்குத் தினமும் தண்ணீர் ஊற்றுவது பேத்தியின் வேலை.

அனுப்பியவர்கள் தந்திகளைத் தளர்த்தித்தான் அனுப்பியிருந்தார்கள், நல்ல காலம். அன்ரி அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினார். மூன்று நாள் சுருதி நிற்கவே இல்லை. கூட்டி வைத்தால் காலையில் இறங்கியிருக்கும். மெழுகைச் சூடாக்கி மெட்டு நிறுத்தத் தெரிந்த ஒருவரை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம். அதுவரை அந்த இரண்டு சுரங்களையும் விட்டுவிட்டுச் சரளி வரிசை வாசிக்கிறார். பேத்தி அந்த இடம் வரும்போது விடுபட்ட சுரத்தை வாயால் பாடிவிடுகிறாள்.