கத்தியின் வடிவும் கையின் பழக்கமும்

புலம்பெயர்ந்து செல்லும் எம்மவர் எந்த நாட்டில் ஒதுங்கினாலும், பாய் தலையணைக்கு அடுத்தபடியாக வாங்கும் பொருள்களுள் ஒன்று கத்தி. சட்டி பானையை இரவல் வாங்கலாம். கத்தியை எவரும் மனமுவந்து இரவல் கொடுப்பதில்லை. ஆயினும் அதனை வாங்கும்போது நாம் விலையைப் பார்க்கிறோம், பளபளப்பைப் பார்க்கிறோம், வடிவத்தை மட்டும் பார்ப்பதில்லை. கத்தியில் வடிவமே முதன்மையானது என்பதும், கடைகளில் முன்வரிசையில் அடுக்கப்படும் வடிவம் எமது சமையலுக்கு மிகப் பொருத்தமானதன்று என்பதும் எமது கருத்து.

இக்கருத்து எமக்கு உறுதிப்பட்ட இடம் ஜெபல் அலி. 1979 இல் திறக்கப்பட்ட துறைமுகத்தையும், 1985 இல் அமைக்கப்பட்ட சுதந்திர வர்த்தக வலயத்தையும் நம்பி அங்கு வாழும் தொழிலாளர் பல்லாயிரவர். அவர்களுள் எம்மவரும் உளர். விடுதிகளிலே பலருக்கு ஒரு பொதுக் குசினி. வேலை முடிந்து பேருந்தில் வந்திறங்கிய களைப்போடு, அடுப்புக்கு முறை காத்து நின்று, அவசரமாக வெண்காயம் அரிய வேண்டும். ஊரில் அடுக்களைப் பக்கம் எட்டிப் பாராத ஆண்கள் அங்கேதான் கத்தி பிடிக்கப் பழகுகின்றனர். விரலில் ஆழமான வெட்டு விழுந்தால் சமையலோடு மறுநாள் வேலையும் கெடும். நாட்கூலி பெறுபவனுக்கு அது ஊருக்கு அனுப்பும் பணத்தில் விழும் வெட்டாகும்.

முதலில் எமது ஊர்க் கருவிகளை எண்ணிப் பார்ப்போம். அரிவாள்மணையில் அலகு அசைவதில்லை, காய்தான் அசைகிறது. மணையைக் காலால் அழுத்திக்கொண்டு அமர்வதால் இரு கைகளும் காயைப் பிடிக்கக் கிடைக்கின்றன. பூசணியையும் பலாக்காயையும் பிளக்க உடலின் பாரம் முழுவதும் துணைக்கு வருகிறது. வங்காளத்திலும் இதே அமைப்புடைய நிற்கும் அலகு உண்டு. மீனையும் அதிலேயே அரிவர். கொக்கத்தடியின் நுனியிற் கட்டும் சத்தகமோ உள்வளைந்தது. இழுக்கும்போது காம்பு நழுவாமல் அவ்வளைவினுள் அகப்பட்டுக்கொள்ளும். ஆனால் அதே உள்வளைவு தட்டையான பலகையில் உதவாது. நுனி மட்டும் பலகையைத் தொட, நடுப்பகுதி அந்தரத்தில் நிற்கும். ஒவ்வொரு வடிவமும் ஓர் அசைவுக்காகவே பிறந்தது என்பதை எம் முன்னோர் நன்கறிந்திருந்தனர்.

இனி, நின்றுகொண்டு வெட்டும் குசினிக்கு வருவோம். கடைகளில் பெரிதாக முன்னிற்பது ஐரோப்பியரின் சமையற்கத்தி. அதன் வாய்ப்புறம் நுனியை நோக்கி மேலே வளைந்து செல்லும். ஜேர்மனியக் கத்தியில் இவ்வளைவு மிகுதி. பிரெஞ்சுக் கத்தியில் குறைவு. நுனியைப் பலகையில் ஊன்றிப் பிடியை ஏற்றி இறக்கி, தொட்டில்போல் ஆட்டி வெட்டுவதற்கே அவ்வளைவு. கீரையையும் கொத்தமல்லியையும் பொடியாக அரிய அது மிக நன்று. ஆனால் அந்த ஆட்டத்தைப் பழகாதவர் நேரே கீழ்நோக்கி அழுத்துவர். அப்போது வளைந்த வாயின் ஒரு பகுதி மட்டுமே பலகையைத் தொடும். அரிந்த வெண்காயம் அறுபடாமல், ஒன்றோடொன்று ஒட்டி மாலைபோல் தொங்குவதன் காரணம் இதுவே.

சீனரின் அகன்ற கத்தியும் யப்பானியரின் ‘சந்தொக்கு’ கத்தியும் வேறு வகையின. சீனக் கத்தி நீள்சதுரமானது. சந்தொக்குவின் வாய் ஏறக்குறைய நேரானது. முதுகுதான் நுனியை நோக்கிக் கீழே சரியும். இவற்றை நேரே அழுத்தினாலும், சற்றே முன்தள்ளி அழுத்தினாலும், வாய் முழுவதும் பலகையில் படியும். கத்தரிக்காய், பயற்றங்காய், வாழைக்காய், வெண்காயம் என நாம் நாள்தோறும் அரிவனவற்றுக்கு இவ்வசைவே போதும். அலகு அகலமாயிருப்பதால் இன்னும் இரு நன்மைகள் உண்டு. பிடித்த கையின் மொளி பலகையில் இடிபடாது. காயைப் பற்றிய கையின் விரல் நுனிகளை உள்மடித்து, மொளிகளை அலகின் பக்கத்தில் அணைத்து வெட்டவும் இடமுண்டு. இவ்வாறு வெட்டப் பழகியவர் விரலை வெட்டிக்கொள்வது அரிது. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: சீனரின் மரக்கறிக் கத்தி பார்வைக்குக் கோடரிபோல் இருந்தாலும் அதன் அலகு மெல்லியது. எலும்பை வெட்டினால் வாய் உடையும். எலும்புக்குரிய தடித்த கத்தி வேறு.

கூர்முனையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மீனின் வயிற்றைக் கீறவும், இறைச்சியிற் கொழுப்பைப் பிரிக்கவும் முனை தேவை. ஆனால் அதற்கு மூன்று நான்கு அங்குலச் சிறுகத்தி போதும். பிரான்சில் 1669 இல் பதினான்காம் லூயி மன்னன் கூர்முனையுள்ள மேசைக்கத்திகளைத் தடைசெய்தான். 2005 இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் எழுதிய மருத்துவர் மூவர், சமையற்கலைஞர் பத்துப் பேரிடம் விசாரித்து, நீண்ட கூர்முனை சமையலுக்கு இன்றியமையாததன்று என எடுத்துக்காட்டினர். கத்திக்குத்துக் காயங்களைக் கண்டு சலித்தவர்களின் சொல் அது. நெருக்கமான அறைகளிலும், சிறுவர் ஓடியாடும் வீடுகளிலும், நீண்ட முனையில்லாத கத்தி இருப்பது மன நிம்மதி.

பாண் வெட்டவும் கனிந்த தக்காளியை அரியவும் பற்கத்தி உதவும். ஆயினும் அதன் பற்களை வீட்டிற் தீட்டுவது கடினம் என்பதால் அதனை மூன்றாவதாகவே வைக்க வேண்டும். நேர்வாயுள்ள அகன்ற கத்தி ஒன்று, கூர்முனைச் சிறுகத்தி ஒன்று. இவ்விரண்டோடு ஒரு தீட்டுக்கல்லும் இருந்தால் குடும்பத்துக்குப் போதும். பத்துக் கத்திகளைக் கட்டையிற் செருகி விற்கும் தொகுதிக்குப் பணத்தை இறைக்க வேண்டியதில்லை. மொட்டைக் கத்தியே அதிகம் வழுக்கும். வழுக்கும் கத்தியே விரலை நாடும். ஆதலால் கல்லின்மேல் அலகைப் பதினைந்து முதல் இருபது பாகை வரை சாய்த்து, இரு பக்கமும் சமமாகத் தீட்ட வேண்டும். உறைந்த மீனைக் கத்தியால் உடைக்காமல், உறைவு நீங்கிய பின்னரே வெட்ட வேண்டும்.

வளைகுடாவிலிருந்து ஊருக்குக் கத்தி கொண்டுசெல்வோர் அதனைக் கைப்பையில் வையாது பெரிய பொதியில் உறையிட்டு வைக்கவும். பிரித்தானியாவில் வாழ்வோர், மூன்று அங்குலத்துக்கு மேற்படாத மடக்குக் கத்தி தவிர்ந்த எதனையும் தக்க காரணமின்றிப் பொது இடத்தில் வைத்திருப்பது 1988 ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதை இளைஞருக்குச் சொல்லி வைக்கவும்.

இறுதியாக, பிள்ளைகளோடு வந்து சேரும் முதிய தாய்மாரைப் பற்றி ஒரு வேண்டுகோள். “இங்கே எல்லாரும் நின்றுதான் வெட்டுவார்கள், அம்மா” என்று கூறி அவர்கள் கையில் நீண்ட கத்தியைத் திணிக்க வேண்டாம். மடக்கி வைக்கக்கூடிய அரிவாள்மணைகள் விற்பனைக்கு உண்டு. வெட்டி முடிந்ததும் மடக்கிக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கலாம். நாற்பது ஆண்டுகள் இருந்து அரிந்து பழகிய கைக்கு, அக்கையறிந்த வடிவமே பாதுகாப்பானது.