நிழலில் உலர்த்த வேண்டும்

இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டுக்குத் தெற்கே ஆபிங்டன் என்னும் சிற்றூரில் நாங்கள் குடியிருக்கிறோம். எம்.ஜி. என்று பெயர்பெற்ற விளையாட்டுக் கார்கள், ஆலை மூடப்பட்ட 1980-ஆம் ஆண்டு வரை இவ்வூரில்தான் உருவாயின. அவற்றுள் எம்.ஜி.பி. என்ற வகை மட்டும், 1962-இல் தொடங்கி, ஐந்து இலட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. 1967-இல் பிறந்த அத்தகைய கார் ஒன்று எங்கள் அடுத்த வீட்டுப் பெரியவரின் கொட்டகையில் நின்றது. அவரும் எங்கள் பங்கைச் சேர்ந்தவர்; அந்த ஆலையிலேயே உழைத்தவர். மனைவி இறந்த நாள்முதல் அவர் அக்காரை வெளியே எடுக்கவில்லை.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிறு பூசை முடிந்து வரும்போது, "இருக்கைகளை மட்டுமாவது சீர்செய்யலாமா? எனக்குக் கை நடுங்குகிறது, நீ உதவுவாயா?" என்று கேட்டார். உடனே ஒப்புக்கொண்டேன். தோலைப்பற்றி எனக்கு எதுவும் தெரியாது என்று மட்டும் சொல்லி வைத்தேன். அது பாதிப் பொய். திண்டுக்கல்லில் தோல் ஷாப்பில் முப்பதாண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவரின் மகன் நான்.

இருக்கைகளைத் தரையோடு பிணைத்திருந்த போல்ட்டுகள் துருவேறிக் கிடந்தன. எண்ணெய் விட்டு ஓரிரவு காத்திருந்து கழற்றினோம். உட்காரும் பகுதி செந்நிறத் தோல். பக்கங்கள் செயற்கைத் தோல். ஓட்டுநர் இருக்கையில் தோல் வெடித்துத் தையலும் பிரிந்திருந்தது. மென்மையான சோப்பு நுரையைத் தூரிகையில் தொட்டுத் தேய்த்தால், ஈரத்துணியில் கறுப்பு அழுக்கு வந்துகொண்டே இருந்தது. கிழிசலுக்கு அடியில் துணி வைத்து ஒட்டி, வெடிப்புகளில் வளையக்கூடிய பசையை நிரப்பி, மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தோம். பழைய துளைகளிலேயே ஊசி விட்டு மெழுகு நூலால் தைத்தோம். புதுத் துளை இட்டால் தோல் அவ்வழியே கிழிந்துவிடும். இதில் எனக்குச் சற்றுக் கர்வம்கூட வந்துவிட்டது.

அந்தக் கர்வம்தான் கெடுத்தது. பெரியவர் தம் மகள் வீட்டுக்குச் சென்றிருந்த இரண்டு நாளில் அடுத்த இருக்கையை நானே முடித்து அவரை மகிழ்விக்க எண்ணினேன். அது அவர் மனைவி அமர்ந்து வந்த இருக்கை. கூரைத்துணி ஒழுகியதால் பூஞ்சணம் பிடித்திருந்தது. உறையைச் சட்டத்திலிருந்து பிரித்து, தாராளமாக நீர்விட்டுக் கழுவினேன். ஓயாத மழைக்காலம்; உலருமா என்ற ஐயத்தில் மின்கணப்பின் முன்னே விரித்துவிட்டு உறங்கப் போனேன். காலையில் பார்த்தால் அது அட்டைபோல் விறைத்திருந்தது. சட்டத்தின்மேல் போர்த்தினால் இரண்டு விரற்கடை போதவில்லை.

ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருளைக் கெடுத்துவிட்டு அவருடைய கொட்டகையில் தனியே நிற்பது என்ன நிலை என்று அன்று அறிந்தேன். புது உறை வாங்கிவிடலாம், விற்கிறார்கள். ஆனால் அவர் கேட்டது புது உறையையன்று.

அப்பாவை அழைத்தேன்.

வாசகர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். சிறுவயதில் அப்பா பள்ளிக்கூட வாசலுக்கு வந்தால் நான் அறியாதவன்போல் நிற்பேன். சுண்ணாம்புக் குழியும் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கலந்த வாசனை, எத்தனை முறை குளித்தாலும் அவரை விட்டு நீங்காது. உடன் படித்தவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். யோப்பாவில் தோல் பதனிடும் சீமோனின் வீட்டில் புனித இராயப்பர் பலநாள் தங்கினார் என்று அப்போஸ்தலர் பணியில் வருவதை மறைக்கல்வி ஆசிரியர் ஒருநாள் சொன்னபோதுகூட, நான் தலை குனிந்துதான் இருந்தேன். அப்பாவுக்கு இப்போது எண்பத்திரண்டு வயது. அவருடைய வேலையைப்பற்றி அதுவரை நான் ஒரு கேள்வியும் கேட்டதில்லை.

நடந்ததைச் சொன்னேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. "பட்டைத்தோலா, குரோம் தோலா?" என்றார். எனக்குத் தெரியவில்லை. "வெட்டுவாயைப் பாருய்யா. பழுப்பா இருந்தா பட்டை. நீலமோடின சாம்பலா இருந்தா குரோம்." பார்த்தேன், சாம்பல்நிறம். "பிழைச்சே! பட்டைத்தோலுன்னா அந்தச் சூட்டுக்குக் கருகியிருக்கும்" என்று சிரித்தார். பிறகு ஏறக்குறைய ஒருமணி நேரம் பேசினார். அவ்வளவு நேரம் அவர் என்னோடு பேசியதாக நினைவில்லை. தோல் ஒரேயடியாகக் காய்ந்தால் உள்ளிருக்கும் எண்ணெய்ப்பசை இடம்மாறி, இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளுமாம். நனைக்கக் கூடாது, ஈரச்சாக்கில் சுற்றி ஓரிரவு வைத்துத் தணிக்க வேண்டும். ஈரம் இருக்கும்போதே உட்புறத்தில் எண்ணெய் காட்டி, பலகை விளிம்பில் போட்டு முன்னும் பின்னும் இழுக்க வேண்டும். பின்பு விறைப்பாக ஆணியடித்து நிழலில் உலர்த்த வேண்டும். "வெயிலே கூடாதும்போம், நீ நெருப்பைக் காட்டியிருக்கே."

மாட்டின் கால் எலும்பிலிருந்து எடுக்கும் எண்ணெய் இங்கே குதிரைச்சேணம் விற்கும் கடைகளில் கிடைக்கிறது. ஐந்து நாள் இழுத்தேன். உள்ளங்கையில் கொப்புளம் கண்டது. அப்பாவின் கைகள் காய்த்துப் போனதற்குக் காரணத்தை அந்த வயதில் புரிந்துகொண்டேன். தோல் வளைந்தது. ஆயினும் அரை விரற்கடை குறைந்தேயிருந்தது. உட்புறம் மறையும் ஓரத்தில் ஒரு துண்டு சேர்த்துத் தைத்துச் சமாளித்தேன். முதுகுப்பகுதியில் ஒரு சுருக்கம் மட்டும் போகவில்லை.

இடையே பெரியவர் திரும்பி வந்த அன்று மாலையே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பாவசங்கீர்த்தனத்தில்கூட அப்படி வாய் உலர்ந்ததில்லை. அவர் உறையைத் தடவிப் பார்த்துவிட்டு, சற்று நேரம் தோட்டத்தில் போய் நின்றார். பிறகு தேநீர் போட்டார். எப்படி மீட்கிறாய் என்று கேட்டார். அப்பாவைப்பற்றிச் சொன்னேன், தோல் ஷாப்பையும் சேர்த்து.

பஞ்சால் தொட்டு மெல்லிய பூச்சாகச் செந்நிறம் ஆறுமுறை ஏற்றி, இருக்கைகளைப் பொருத்திய நாளில், அப்பாவைப் பார்க்க வேண்டும் என்று பெரியவர் கேட்டார். கைப்பேசியில் முகம் தெரிந்ததும் இருவரும் கும்பிட்டுக்கொண்டார்கள். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. பெரியவர் கைப்பேசியை வாங்கி, இருக்கைக்கு அருகே கொண்டுபோய், அந்தச் சுருக்கத்தைக் காட்டினார். அப்பா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உற்றுப் பார்த்தார்.

"மேல் தையல் கொஞ்சம் இழுக்குது. இன்னொரு தடவை எண்ணெய் காட்டச் சொல்லு" என்றார்.