குமிழ் போகும் வழி

நற்பிட்டிமுனையில் முழங்கால் நோவோடு என்னிடம் சிகிச்சைக்கு வரும் முதியவர்கள் பலரும் கேட்பது ஒன்றுதான்: “மகன், இருந்து தொழ ஏலுமா?” கதிரையில் தொழ மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. ஆனாலும் தொழுகையின் அத்தஹிய்யாத்தில் கால் மடித்து இருக்கும் அந்த இருப்பின் மீதுதான் அவர்களுக்கு ஏக்கம். கதிரையில் உட்கார 90 பாகை அளவு மடக்கம் போதும். அந்த இருப்புக்கோ 140 பாகையையும் தாண்ட வேண்டும்.

அந்த மடக்கத்தைத் தருபவை தொடையெலும்பின் கீழ்முனையில் உருண்டிருக்கும் இரண்டு குமிழ்கள். உட்புறக் குமிழின் மூட்டுப்பரப்பு மற்றதைவிட நீளம். ஆகவே முழங்கால் கதவுப் பிணைச்சலைப் போல ஒரே அச்சில் திரும்புவதில்லை. மடங்கும்போது வெளிப்புறக் குமிழ் பின்னே உருண்டு செல்லும். உட்புறக் குமிழ் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே சுழலும். கணைக்கால் சற்று உள்நோக்கித் திரும்பும். நீட்டும்போது, கடைசி 20 பாகை அளவில், அது வெளிநோக்கித் திரும்பிப் பூட்டிக்கொள்ளும். குமிழ்கள் உருள்வதோடு வழுக்கவும் செய்கின்றன என்பதை ஜெர்மனியின் வெபர் சகோதரர்கள் 1836இலேயே எழுதிவைத்தார்கள்.

என் கைவேலை முழுவதும் அந்த வழுக்கலில்தான் இருக்கிறது. விறைத்த காலைக் கணுக்காலில் பிடித்து வலிந்து மடக்கினால் மூட்டு நெரியும், தசை இறுகும். நான் முழங்காலுக்குச் சற்றுக் கீழே இரு கைகளாலும் பிடித்து, கணைக்கால் எலும்பைப் பின்னோக்கி மெல்லத் தள்ளுவேன். அந்த எலும்பின் குழிந்த பரப்பு குமிழின் மேல் நகரும்போது, கால் போகும் திசையிலேயே வழுக்க வேண்டும். தோளில் உருண்ட முனையே நகர்வதால் திசை மாறும்: கையை உயர்த்த, முனையைக் கீழே வழுக்கச் செய்ய வேண்டும். நோர்வேயின் இயன்மருத்துவர் கால்டென்போர்ன் வகுத்துத் தந்த விதி இது. எங்கே தடை, எங்கே நோவு என்பதை விரல்கள்தான் அறிய வேண்டும்.

குமிழைப் போர்த்திய கசியிழையத்துக்கு இரத்தக் குழாய் இல்லை. அழுத்தமும் தளர்வும் மாறி மாறி வரும்போது மூட்டுத் திரவத்திலிருந்தே அது ஊட்டம் பெறுகிறது. பாசத்தால் பிள்ளைகள் உம்மாவைக் கட்டிலிலேயே வைத்திருந்தால், அந்த ஊட்டம் குறைகிறது.

எல்லா முழங்காலும் அந்த இருப்புக்குத் திரும்பாது. கசியிழையம் முற்றாகத் தேய்ந்த காலை வற்புறுத்துவது அநியாயம். அவர்களுக்குக் கதிரையையே சொல்கிறேன். மற்றவர்களுக்குச் சொல்வது இது: “உம்மா, கதிரையில் இருந்து பாதத்தை நிலத்தோடு பின்னுக்கு இழுங்க. நோவு தொடங்கினா நிறுத்துங்க. ஒவ்வொரு தொழுகைக்கு முன்னும் செய்ங்க.”